ஆய்வாளரின் குரல் நீக்கப்பட்டது

அவளுடைய முனைவர் பட்டத்துக்கு இரண்டு நெறியாளர்கள். தொடர்பியல் துறையில் ஒரு அம்மாள், தகவல் அறிவியல் துறையில் ஒருவர். இரண்டு மாமியாருக்கு ஒரே மருமகளாக வாழ்க்கைப்பட்ட கதைதான். ஒருவர் தலையாட்டிய அத்தியாயத்தை மற்றவர் சிவப்பு மையால் குளிப்பாட்டி அனுப்புவார். ஷிப்ட் மாறும்போது ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் நோயாளிகளை ஒப்படைக்கிறாரே, அப்போது சொல்வதில் எவ்வளவு போய்ச் சேருகிறது, எவ்வளவு வழியில் சிந்துகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

வார்டுக்குள் அவளை நுழைய வைத்தது அண்ணி. அங்கே இரவு நர்ஸ் அவள். தலைமை நர்ஸின் கையைக் காலைப் பிடித்து அனுமதி வாங்கித் தந்தாள். நர்ஸுகள் காலரில் மைக்கைக் குத்திக்கொள்வார்கள். இவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓரமாக நிற்பாள். பதிவை யாருக்கும், ஆஸ்பத்திரிக்கும்கூட, தரமாட்டேன் என்று எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஒரு நாள் மூலைக் கட்டில் பெரியவர், ஊசி போட்ட சற்று நேரத்தில் மூச்சுத் திணறி இறந்துபோனார். அந்த மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று விடியற்காலையில் அவரே அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் ஒரு உயிர் ஊசலாடிக்கொண்டிருந்ததால் அண்ணி அதை எழுதவில்லை. ஒப்படைக்கும்போது வாயால் சொன்னேன் என்றாள். அப்படி எதுவும் காதில் விழவில்லை என்று பகல் நர்ஸ் அழுதாள். எழுதாதவள் தலையில்தான் பழி விழுந்தது. வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணை என்றார்கள்.

"உன்கிட்டதான் ரெக்கார்டு இருக்கே, அதைக் குடேன்," என்றாள் அண்ணி.

"நீங்க பேசினதுக்கு நீங்க சம்மதிக்கலாம் அண்ணி. அந்தப் பகல் சிஸ்டர் பேச்சும் அதுல இருக்கே."

அதன்பிறகு அண்ணன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணி மட்டும் வழக்கம்போல் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

துறைக்குப் போய், அந்த நாளுக்குத் தட்டச்சு செய்து வைத்திருந்த படியை எடுத்தாள். அண்ணி சொன்னது பளிச்சென்று இருந்தது. அதன்கீழ் பகல் நர்ஸின் 'சரி, சரி'. அப்படியானால் பகல் நர்ஸ் பொய் சொல்கிறாள் என்று ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மூலப் பதிவைப் போட்டுக் கேட்டாள். அண்ணியின் வாக்கியத்தின் மேலேயே ஏறிக்கொண்டு மூன்றாவதாக ஒரு குரல்: "சிஸ்டர், மைக் சரிஞ்சிருக்கு, கொஞ்சம் நிமித்துங்க."

அவள் குரல்தான். படி எடுக்கும்போது ஆய்வாளரின் பேச்சை நீக்கிவிடுவது துறையில் வழக்கம், அவளும் நீக்கியிருந்தாள். பகல் நர்ஸின் 'சரி, சரி' இவளுக்குச் சொன்ன பதில். அண்ணி அதைத் தனக்கென்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

அந்தப் பதிவை வெறும் இரைச்சல் என்று கழித்துவிடச் சொன்னார் தகவல் அறிவியல்காரர். தொடர்பியல் அம்மாள், விசாரணைக்குப் போனால் ஆஸ்பத்திரி அனுமதியை ரத்து செய்துவிடும், இத்தனை வருட உழைப்பும் பாழாகும் என்றார். இருவரும் ஒரே பேச்சாகப் பேசியது அன்றைக்கு மட்டும்தான்.

அவள் விசாரணைக்குப் போனாள். நீள மேஜையின் ஒரு பக்கம் அண்ணியும் பகல் நர்ஸும், கோடியில் பெரியவரின் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். பதிவைத் தரமுடியாது, ஆனால் தன் பேச்சு தன்னுடையது, அதைச் சொல்லலாம் என்று ஆரம்பித்து, ஹெட்போனோடு ஓரமாக நின்றதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி சம்மதித்திருந்ததால் அண்ணி சொன்னதையும் சொன்னாள்.

"அவங்க சொன்னாங்க. இவங்களைக் கேக்கவிடாம பண்ணது நான்."

பகல் நர்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மகள்தான் கேட்டாள்.

"நீங்க காதுல மாட்டியிருந்தேன்னு சொன்னீங்களே. அப்ப உங்களுக்குக் கேட்டிருக்குமே?"

அந்த வார்டில் அதை முழுசாகக் கேட்டது அவள் ஒருத்திதான். இந்தக் கேள்வியை இரண்டு நெறியாளர்களும் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"கேட்டுச்சு. சத்தம் தெளிவா விழுதான்னுதான் பாத்தேன். என்ன சொல்றாங்கன்னு பாக்கல."

விசாரணைத் தலைவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, இதையும் குறித்துக்கொள்ளவா என்று தயங்கினார். அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னாள்.