தார்ப்பாயை அவிழ்த்தவர்கள்

பிழைக்கக் கடல் கடந்து வந்த பொங்கோலில் விடியுமுன்பே கட்டட வேலையின் மண்வெட்டிச் சத்தம் கேட்டுவிடும். அன்றும் கேட்டது. இரவு மழையில் ஊறிய களிமண் பூட்ஸை விழுங்கியது. ஒரு காலை உருவினால் மறுகால் புதைந்தது. வெட்டிய மேட்டின் மேல் ரத்னவேலும் கூட்டாளிகளும் சேற்றை வழித்து வாளியில் கொட்டினார்கள். கீழே, கால்வாய்க்காகத் தோண்டிய குழிக்குள் ஒருவரும் இறங்கவில்லை. நேற்று மாலை அங்கேதான் சரிவு உடைந்து அவர்கள் கூட்டாளி பிரபாகரை இடுப்புவரை மூடியது. கையாலேயே பறித்து எடுத்தார்கள். கால் நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

முதலாளி தனசேகரன் குடையோடு வந்தார்.

"என்ன இன்னும் மேலயே நிக்கிறீங்க? இறங்குங்க லா. கான்கிரீட் லாரி வந்துரும்."

"மண்ணு இன்னும் அசையுது பாஸ்" என்றான் மேட்டில் நின்ற கூட்டாளி சேதுபதி.

"ஏன் அசையாது? சரிவை மூடத் தார்ப்பாய் வாங்கித் தந்தேனா இல்லையா? அதை அவுத்தது யாரு?"

அவர்கள் அவிழ்த்தது உண்மைதான், கதை கேட்கும் பிள்ளைகளே, மறைப்பானேன்? வெயில் கொளுத்திய நாட்களில் சோறு தின்ன நிழல் கேட்டார்கள். "பார்ப்போம்" என்றார் முதலாளி. பார்க்கவேயில்லை. சரிவை மூடியிருந்த தார்ப்பாயை அவிழ்த்து, கம்பத்தில் கட்டி, அதன் கீழே உட்கார்ந்தார்கள். மூடாத மண் காய்ந்து வெடித்தது. மழை வந்ததும் தண்ணீர் வெடிப்பு வழியே உள்ளே இறங்கி மண்ணைக் கனக்கவைத்தது. தாங்கிப்பிடிக்க வேண்டிய அடியையோ கால்வாய்க்காக முன்பே வெட்டியாயிற்று.

இதையே ரத்னவேல் ஒரு மலையளவுக்குப் பார்த்தவன். வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். நூல்நூலாய்ப் பெய்த மழை போய், கோடை முழுக்கக் காய்ந்து, பிறகு ஒரு மாத மழை ஒரே இரவில் கொட்டும் காலம் வந்தது. ஆழ வேரோடிய காட்டை அழித்துத் தேயிலை வைத்த மலை, சாலைக்காக அடிவயிற்றைச் செதுக்கிய மலை, எப்படித் தாங்கும்? தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளோடு இறங்கியது. அவன் அக்கா அமலா அதற்குள் போனாள். மறுநாள் தோட்டத்து மேனேஜர் வந்து, "விறகுக்கு மரத்தை வெட்டினது நீங்கதானே?" என்று கேட்டார். அப்பா தலைகுனிந்து நின்றார். சுள்ளி ஒடித்தது நிஜம். காட்டையே அழித்தது அவர் அரிவாளா?

"அவுத்தவன் யாருன்னு சொல்லுங்க" என்றார் தனசேகரன். "அவன் வேலை பெர்மிட்டை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்புறேன். மத்தவங்க குழியில இறங்குங்க."

ரத்னவேல் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"நான்தான் அவுத்தேன் பாஸ். நிழல் கேட்டோம், தரல. வெயில் மண்டையில இறங்கணுமா மண்ணுல இறங்கணுமான்னு எங்களையே முடிவு பண்ண விட்டீங்க."

"ஓ, வாய் வந்துருச்சா? பையை எடு, கிளம்பு."

ரஃபீக் முன்னே வந்தான். பங்களாதேஷ்காரன், தமிழர்களோடு வேலை செய்து தமிழ் கற்றவன். "கயிறு நான் கட்டினேன் பாஸ். அது கீழே நானும் சாப்பிட்டேன். என் பெர்மிட் கூட எடுங்க."

"ரஃபீக் பாய் கொஞ்சமாத்தான் சாப்பிட்டாரு" என்றான் சேதுபதி. "அவரு டப்பாவையும் சேத்துக் காலி பண்ணுனது நான். என்னை விட்டுறாதீங்க பாஸ்."

யாரோ சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மற்றவர்களும் மண்வெட்டிகளைப் போட்டார்கள்.

"உங்களை விட்டா எனக்கு ஆள் கிடைக்காதா?"

"கிடைக்கும் பாஸ்" என்றான் ரத்னவேல். "வர்றவங்ககிட்ட பிரபாகர் கதையைச் சொல்லிட்டுத்தான் போவோம். ஆளு பாதுகாப்பைப் பாக்குற மினிஸ்ட்ரிக்கும் சொல்லுவோம். குழிக்குள்ள மட்டும் இறங்க மாட்டோம்."

தனசேகரன் போனைக் காதில் வைத்தபடி காருக்கு நடந்தார். யாரைக் கூப்பிட்டாரோ, யார் பெயரைச் சொன்னாரோ தெரியாது.

வானம் மறுபடி கறுத்தது. ரத்னவேல் கம்பத்தில் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்தான். இருந்த ஒரே நிழலும் போயிற்று. ஆளுக்கொரு ஓரமாய்ப் பிடித்து, மேட்டின் மேலிருந்தே சரிவுமேல் விரித்தார்கள். காற்று அதை ஆளோடு தூக்கப் பார்த்தது.

"விடாதே, விடாதே!" என்று ரஃபீக் கத்தினான்.

மழை முகத்தில் அறைந்தது. யாரும் தலையைக் குனியவில்லை. கயிறு உள்ளங்கையை அறுக்க அறுக்க, பிடித்தபடியே நின்றார்கள்.