எதிரே நின்றவள்

…ஐந்தாவதிலிருந்து ஒன்றுமே இல்லை, கண்ணாடி மாதிரி வெறும் ஃபிலிம், முதல் நான்கில் மட்டும் கடைத்தெருவும் எங்கள் வீட்டுக் கதவும், மீதி இருபது எங்கே, அக்கா எங்கே… ஸ்டூடியோக்காரர் சுருளை விளக்குக்கு நேரே பிடித்து, "கேமரா நல்லாத்தாங்க இருக்கு, லென்ஸ் மூடியைக் கழட்டாம எடுத்திருக்கீங்க" என்கிறார். மூடியா, தெளிவாகத் தெரிந்தாளே, சிரித்தாளே… "இந்தப் பழைய கேமராவுல நாம பாக்குற ஜன்னல் வேற, படம் விழுற கண்ணு வேற. மூடி இருந்தாலும் நமக்குத் தெரியாது." ஆமாம், அக்கா வருகிறாள் என்று காலையில் துடைத்துத் துடைத்து மூடியைப் போட்டது நான்தான். ஆறு வருடம் கழித்து வருகிறவளை செல்போனில் எடுத்தால் ஆயிரம் படங்களுக்கு அடியில் புதைந்துபோவாள், காகிதத்தில் வேண்டும், அதைத் தபாலில் அனுப்பும் சாக்கில் நாலு வரி எழுத வேண்டும், அதற்குத்தான் பழைய சாமான் கடையில் தேடி இதை வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனால் கல் கனம். ஜன்னலுக்குள் அக்கா இரண்டாகத் தெரிவாள், வளையத்தைத் திருப்பத் திருப்ப இருவரும் நெருங்கி ஒருத்தியாவார்கள், அப்போது அழுத்த வேண்டும், இருபது முறை அழுத்தினேன், கண்ணிருந்தும் குருடு.

"எதிர நின்னவங்க கூடவா சொல்லல?" என்று சிரிக்கிறார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே நின்றது அக்கா அல்லவா, நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டால் தெருமுனையிலிருந்தே கத்துகிறவள், அவள் கண்ணுக்கா இந்தக் கறுப்பு மூடி தப்பியிருக்கும்… படமே வேண்டாம் என்று நினைத்தாளா? இல்லை, ஆறு வருடத்துக்கு முன்பு போட்ட அந்தச் சண்டையில் எல்லார் முன்னாலும் நான்தானே கத்தினேன், "என் தப்பை எண்ணுறதைத் தவிர உனக்கு வேற வேலையே இல்லையா? இனிமே எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத!" அதைத்தான் இன்னும் காப்பாற்றுகிறாளா, நாக்கைக் கடித்துக்கொண்டு இருபது முறையும் எனக்காகச் சிரித்தாளா… கேட்டுவிட வேண்டும், திட்டினாலும் பரவாயில்லை.

வாசலுக்கு வந்து அக்காவைப் போனில் அழைக்கிறேன். "சொல்லும்மா, படம் கழுவியாச்சா?" என்னை 'ம்மா' என்கிறாள், முன்பெல்லாம் 'டி' போடாமல் பேசமாட்டாள். "கழுவியாச்சுக்கா." கேள், இப்போதே கேள்… "எல்லாம் நல்லா வந்திருக்கு" என்கிறேன், எதற்கு இந்தப் பொய், யாரைக் காப்பாற்ற? "அப்படியா… சந்தோஷம்மா." அவ்வளவுதான், பழைய அக்கா என்றால் குரலிலேயே பொய்யைப் பிடித்து உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள், நானும் பதிலுக்குக் குதித்திருப்பேன். இவள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள், நானும் சரிங்கக்கா என்கிறேன், இனி எங்களுக்குள் சண்டையே வராது போலிருக்கிறது, பயமாக இருக்கிறது.