மாற்ற மறந்த பெயர்

தேவிப்ரியாவின் முதல் நாவல் ஆங்கிலத்தில், பதின்வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியது. காலேஜில் இடம் கிடைக்காத ஒரு பெண், கிடைத்துவிட்டதாக வீட்டில் பொய் சொல்கிறாள். தினமும் காலையில் பையும் டிபன் டப்பாவுமாகக் கிளம்பி, லோக்கல் ரயிலில் சாயங்காலம் வரை போய்ப்போய் வருகிறாள். கற்பனையாவது மண்ணாவது! அத்தனையும் அவள் அக்கா ஷியாமளா செய்தது. கல்கத்தாவில் டாக்குரியா ஸ்டேஷனில் ஏறி, கடைசி ஸ்டேஷனான கானிங் வரைக்கும் போய்த் திரும்பி, ஒரு வருஷத்தை அப்படியே ஓட்டினாள். அடுத்த வருஷம் வேறு காலேஜில் இடம் கிடைத்ததும், காலேஜ் மாற்றிக்கொண்டேன் என்று அப்பாவிடம் இன்னொரு பொய். அப்பா வாஞ்சிநாதன் இன்றுவரை அதை நம்பிக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் தேவி. எழுதட்டுமா என்று அவள் கேட்டபோது ஷியாமளா நெடுநேரம் யோசித்தாள். பிறகு, "எழுதிக்கோ. அப்பாக்கு மட்டும் அது நான்னு தெரியப்படாது. தெரிஞ்சுதோ, உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாதுடி" என்றாள். சொன்னால் செய்கிறவள். ஒரு தடவை பெரியம்மா பெண்ணோடு பேச்சை நிறுத்தியது இன்னும் நிறுத்தினபடியே இருக்கிறது.

தேவிக்கு ஒரு கெட்ட பழக்கம். நிஜப் பெயரை வைத்துக்கொண்டு எழுதினால்தான் அவளுக்குக் கை ஓடும். அதனால் முழு நாவலையும் ஷியாமளா என்றே எழுதினாள். கடைசியில் கம்ப்யூட்டரில் ஒரே தட்டு, அத்தனை ஷியாமளாவும் மீரா ஆகிவிட்டாள். ஊரைக்கூட பம்பாய் ஆக்கிவிட்டாள். அவ்வளவு கெட்டிக்காரி.

வெளியீட்டுக் கூட்டம் காளிகாட் மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகக் கடையில். கடைக்காரப் பெண்மணி வாசிக்க வேண்டிய பக்கத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி, ஒரு பிரதியைத் தேவியின் கையில் கொடுத்தாள். சும்மா கண்ணை ஓட்டினவள் கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். பக்கத்தின் அடியில், பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கும் மீரா தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்: 'எழுந்திரு, டுக்டுகி. வீட்டுக்குப் போ.'

கல்கத்தாவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பெயர். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, வீட்டில் கூப்பிட ஒரு டாக்நாம். ஷியாமளா பிறந்தபோது பக்கத்து வீட்டு வங்காளி மாமி வைத்த டாக்நாம் டுக்டுகி. அம்மா, தேவி, தெரு மொத்தமும் அப்படித்தான் கூப்பிடும். அப்பா ஒருவர்தான், அழகான பெயர் இருக்கும்போது இது என்ன டுக்டுகி என்று முகம் சுளிப்பார். தேவிக்கு அது ஒரு பெயர் என்றே உறைக்கவில்லை. அக்கா என்றால் டுக்டுகி, அவ்வளவுதான். டெல்லியிலிருந்து எடிட்டர் 'நல்ல செல்லப் பெயர்' என்று ஓரத்தில் எழுதி அனுப்பியதற்கும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போனவள் இவள். இப்படியும் ஒரு மடமை உண்டா!

முன்வரிசையில் அப்பா கையில் ஒரு பிரதி. வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தே தலை நரைத்த மனுஷர். எதைப் படித்தாலும் வரிக்கு அடியில் விரல் ஊர்ந்துகொண்டே வரும். தப்பு கண்ணில் பட்டால், சபை என்று பார்க்காமல் கையைத் தூக்கிச் சொல்லிவிடுவார். முதல் அத்தியாயத்தில் இரண்டு அச்சுப் பிழை கண்டுபிடித்ததை அன்றைக்குக் காலையிலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் தாண்டி இன்னும் படிக்கவில்லை.

தேவி அவர் பக்கத்தில் குனிந்து, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், புத்தகத்தைக் கொடுங்கோ என்று கேட்டாள். வீட்டுக்குப் போய்ப் போடலாம் என்று அவர் புத்தகத்தை மடியோடு அணைத்துக்கொண்டார். போதாததற்கு, பேச்சுப் போட்டியில் மெடல் வாங்கினவள் மூத்தவள், அவள்தான் வாசிக்க வேண்டும் என்று கடைக்காரப் பெண்மணியிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். நானே வாசிக்கிறேன் என்றாள் தேவி. "நீ எழுதியாச்சு. சித்த உக்காரு" என்றார்.

ஷியாமளா மஞ்சள் சீட்டு ஒட்டிய பிரதியை வாங்கிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டாள். பக்கத்தைத் திருப்பும் சாக்கில் தேவி அவள் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவின் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஷியாமளா அந்தப் புத்தகத்தை அதுவரை திறந்துகூடப் பார்க்கவில்லை. அச்சாகி வரட்டும், அப்புறம் தைரியம் வந்தால் படிக்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

நன்றாகத்தான் வாசித்தாள். வீட்டில் சொன்ன காலேஜ் பொய், ரயிலின் நெரிசல், கொய்யாப்பழம் விற்கிறவன், மழையில் நனைந்த பிளாட்பாரம். கூட்டம் மூச்சுக் காட்டாமல் கேட்டது. அப்பாவின் விரல் அவள் குரலோடு கூடவே ஊர்ந்தது. தேவி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வரிக்கு வந்ததும் ஷியாமளா நின்றாள். தலையைத் தூக்கித் தங்கையை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையைத் தேவி ஜன்மத்துக்கும் மறக்க மாட்டாள். பிறகு, குரல் பிசிறாமல், "எழுந்திரு, மீரா. வீட்டுக்குப் போ" என்று வாசித்துப் புத்தகத்தை மூடினாள்.

அப்பாவின் விரல் நின்றது. ஒரு வார்த்தை பின்னால் போனது. மறுபடி அதே இடத்துக்கு வந்தது. அவர் கை மெல்ல மேலே எழுந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று தேவி கண்ணை மூடிக்கொண்டாள்.

கைதட்டல்தான் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அப்பாவும் தட்டிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் நிறுத்தின பிறகும்.

வீட்டுக்குப் போகும் டாக்சியில் அவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் அக்காவும் தங்கையும், நடுவில் மீந்த புத்தகங்களின் கட்டு. ஷியாமளா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேவி அவள் கையைத் தொட்டாள், அவள் கையை எடுத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லை, முன்னால் அப்பா இருக்கிறாரே.

டாக்குரியா பாலத்தின் மேலே வண்டி நெரிசலில் நின்றது. கீழே ஒரு லோக்கல் ரயில் கடந்து போனது. அப்பா அது போய் முடிகிறவரை பார்த்தார். பிறகு திரும்பாமலேயே கேட்டார்.

"டுக்டுகி, டிபன் டப்பாவை எங்கே உக்காந்து சாப்ட்டே?"

அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை. ஷியாமளா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"கானிங் பிளாட்பாரத்துலப்பா. கடைசி பெஞ்ச்ல."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"என்கிட்டே சொல்லியிருக்கலாமேடி" என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஷியாமளா முன் இருக்கையில் தலையைச் சாய்த்து, அவர் தோளுக்குப் பின்னால் அழுதாள். தேவி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நெரிசல் விட்டு வண்டி நகர்ந்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, நடுவில் இருந்த கட்டைத் தூக்கித் தேவியின் மடியில் வைத்தாள். காலி இடத்தில் அவள் நகர்ந்து உட்காரவில்லை. ஆனாலும் பேசினாள்.

"அடுத்த தடவை அச்சடிச்சா, அந்தப் பேரை மாத்தித் தொலைச்சுடாதே."