காற்றுக்குத் தீனி

மாவு அரைக்கும் எங்கள் காற்றாலையை ஹெஸல் சோம்பேறி என்பான். கால்வாய்க்கு அக்கரையில் குதிரையைச் சுற்றவிட்டு மாவு அரைப்பவன் அவன். "காத்தடிச்சாத்தான் வேலை, இல்லன்னா தூக்கம். என் குதிரை அப்படியா, ஃப்ரௌக்கா?" என்று லேவார்டன் சந்தையில் நாலு பேர் முன்னால் கேட்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கிழட்டுக் குதிரையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அன்று காலை காற்று மந்தம். என் கணவர் வீபே நான்கு இறக்கைகளிலும் துணியை முழுக்க விரித்துக் கட்டினார். மதியம் வடமேற்கிலிருந்து புயல் பாய்ந்தது. இறக்கை நின்றால்தான் துணியைச் சுருட்ட முடியும். அதுவோ நிற்கவே இல்லை. பெரிய சக்கரத்தைச் சுற்றியிருக்கும் தடைக்கட்டைகளை வீபே இறுக்கினார். புகை கிளம்பியது. மேலே நாணல் கூரை. சட்டென்று தளர்த்திவிட்டார்.

"கல்லை இறக்கு! கோதுமையைக் கொட்டு!" என்று கத்தினார்.

வெறிபிடித்து ஓடும் ஆலைக்கு அதுதான் கடிவாளம். மேல்கல்லைத் தாழ்த்தி வாய் நிறையத் தானியம் கொடுத்தால், பாரத்தில் வேகம் தணியும். தானியம் தீர்ந்தால் கல்லோடு கல் உரசிப் பொறி பறக்கும். இருந்ததையெல்லாம் கொட்டினேன். அந்தப் பயத்திலும், இறக்கையின் சுழற்சியைக் கல்லுக்குக் கடத்தும் கருவாலி மரத் தண்டைப் பார்த்து வியந்தேன். புயல் முழுவதையும் தோளில் வாங்கிக்கொண்டு அசராமல் சுழன்றது. கடைசி மூட்டையும் காலியானது. அப்பா கட்டிய ஆலை இன்றோடு சாம்பல்தான் என்று அழுதேவிட்டேன்.

கதவு படாரென்று திறந்தது. ஹெஸல்! முதுகில் ஒரு மூட்டை. வாசலில் வண்டி நிறைய மூட்டைகள்.

"உங்க இறக்கை பறக்குறத பாத்தேன். அழுதுட்டு நிக்கிறியே, புடி!"

"உன் ஆலைக்கு வந்த கோதுமையாச்சே!"

"எங்க அரைச்சா என்ன, மாவுதானே? கொட்டும்மா!"

கொட்டினோம். கல் தின்றுகொண்டே இருந்தது. வண்டி காலியாகும் நேரத்தில் காற்று இறங்கியது. வீபே கட்டைகளை மெல்ல மெல்ல இறுக்க, இறக்கைகள் பெருமூச்சோடு நின்றன.

தலைமுதல் கால்வரை வெளுத்திருந்த ஹெஸல், மாவுக் குவியலையே பார்த்தான். பிறகு சூடு ஆறாத கல்லின் மரக்கூட்டில் உள்ளங்கையை வைத்தான்.

"எனக்கு ஒரு வார வேலை இது..."

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "சோம்பேறின்னியே?"

"தப்புதான். மெதுவாப் பேசு, வாசல்ல குதிரை நிக்குது. அதுக்குக் காது கூர்மை."

வெளியே போய் அந்தக் குதிரையின் நனைந்த கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அத்தனை மூட்டைகளையும் புயலில் இழுத்து வந்தது அதுதானே.