பலாலியிலிருந்து ஒரு மணி நேரம்

விமானத்தின் நிழல் தகரக் கூரைகளின்மேல் வழுக்கிப் போகிறது, கொடியில் காயும் என் சேலையை ஒரு கணம் கறுப்பாக்கிவிட்டுச் சுவருக்கு அப்பால் இறங்குகிறது, திருச்சி விமானநிலையத்தை ஒட்டிய இந்த அகதி முகாமில் எனக்குத் தெரிந்த வானம் அவ்வளவுதான், இன்றைக்கு அந்த விமானத்துக்குள் அக்கா இருக்கிறாள், சுகிர்தா அக்கா, அங்கே பலாலி விமானநிலையத்தில் ஏறினால் ஒரு மணி நேரம், இருநூறு கிலோமீட்டர்கூட இல்லை, தஞ்சாவூர் பஸ்ஸைவிடச் சீக்கிரம் வந்துவிடுவாள் என்றார் என் கணவர், அப்படியானால் நாங்கள் கடந்தது எந்தக் கடல், மாதகல் கரையில் இடுப்பளவு தண்ணீரில் அக்கா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், எனக்கு எட்டு வயது, அவள் இருபது வயது மூத்தவள், அம்மா ஷெல்லடியில் போனபிறகு எனக்குச் சோறு ஊட்டியவள், வள்ளத்திலிருந்து அப்பா கை நீட்டுகிறார், இனி ஒரு ஆளுக்குத்தான் இடம் என்று ஓட்டி கத்துகிறான், பிள்ளையைப் பிடியுங்கோ அப்பா, நான் அடுத்த வள்ளத்தில வாறன், அடுத்த வள்ளம் புறப்படவேயில்லை, கடற்படை கடலை மூடிவிட்டது, அப்பா இந்த முகாமில் செத்தார், நான் இங்கேயே பெரியவளாகி, கல்யாணம் செய்து, பிள்ளைகளும் பெற்றேன், நான் போகலாம், போனால் திரும்பி வர விடமாட்டார்கள், ஆகவே அவள்தான் வரவேண்டும், வாறன் வாறன் என்று போனில் சொல்லிக்கொண்டேயிருந்தாள், பிறகு பேச்சு குறைந்தது, அவள் மகன் கேதீசன்தான் எடுப்பான், சின்னம்மா, அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி, கூட்டிக்கொண்டு வாறன், பயப்பிடாதையுங்கோ, மறதி ஆருக்கடா இல்லை என்றேன்.

விமானநிலையத்தின் கண்ணாடிக் கதவு திறக்கிறது, சக்கர நாற்காலியில் ஒரு சின்னக் கிழவி, அக்கா என்று கூப்பிட்டேன், அவள் நிமிர்ந்து என் நரைத்த தலையைப் பார்த்தாள், அந்நியரைப் பார்த்துச் சிரிப்பதுபோல மரியாதையாகச் சிரித்தாள், அம்மா, இவதான் சின்னம்மா என்று கேதீசன் குனிந்து சொன்னான், உனக்கென்ன விசரோ, தங்கச்சி சின்னப்பிள்ளையடா, என்று அவன் கையைத் தட்டிவிட்டாள், சீக்கிரம் வாங்கம்மா, இங்க வண்டிய நிறுத்த விடமாட்டாங்க என்றார் டாக்ஸிக்காரர், அக்கா இரண்டு கையாலும் சக்கரங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அவ வராமல் நான் ஒரு இடமும் வரமாட்டன், தனிய நிண்டு அழுவா, என்று சொல்லிச் சொல்லி மூச்சிரைத்தாள், டாக்ஸி போய்விட்டது, நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன், கூட்டம் கலைகிறது, தாயோடு நடந்துபோகும் ஒவ்வொரு சிறுமியையும் அக்கா கழுத்தை நீட்டிப் பார்க்கிறாள், இல்லையென்று தலையாட்டிக்கொள்கிறாள், நீங்கள் ஆரைப் பாக்க வந்தனீங்கள் அம்மா, என்று என்னைக் கேட்டாள், என்ரை அக்காவை என்றேன், அவள் என் முகத்தைப் பார்த்தாள், ஈரத்தைப் பார்த்திருக்க வேண்டும், முந்தானையால் துடைத்துவிட்டாள், அழாதையுங்கோ, ஒரு மணித்தியாலப் பயணம்தானே, வந்திடுவா.