ஜப்திக்கு நெய் ஆகாது

மாமியாருக்கு ஆறு வருஷம் இன்சுலின் ஊசி போட்ட கை என்னுடையது. அதனால் எங்கள் பூனை ஜப்திக்கும் சர்க்கரை வியாதி என்று திருவள்ளூர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் மோசஸ் சொன்னபோது நான் பயப்படவில்லை. பூனை எவ்வளவோ மேல். கீறுமே தவிர, பக்கத்து வீட்டில் போய் என்னைப் பற்றிக் குறை சொல்லாது. இது எழுபத்திரண்டாம் வருஷம்.

ஜப்தி என்று பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர் ஆதிகேசவன். முன்சீப் கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற டவாலி. யாரையும் கேட்காமல் எந்தப் பாத்திரத்தையும் கைப்பற்றிவிடும் என்பதால் அந்தப் பெயர். சர்க்கரையோடு கணையத்திலும் வீக்கம் என்றார் டாக்டர். நெய், வெண்ணெய், பால் எதையும் காட்டவே கூடாது. தோலுரித்த விரால் மீனை உப்பில்லாமல் அவித்து, நாளைக்கு நாலு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தின்றால் ஊசி, தின்னாவிட்டால் ஊசி கிடையாது.

அப்படியே செய்தேன். ஃப்ரிட்ஜுக்கு எங்கே போவது? இன்சுலின் புட்டியை ஈர மணல் பானையில் புதைத்து வைத்தேன். கரண்டியும் கையுமாக ஜப்தியின் பின்னால் அலைந்து மூத்திரம் பிடித்தேன். அதைச் சர்க்கரை பார்க்கிற நீல மருந்தில் காய்ச்சி, வந்த நிறத்தைக் காலண்டரில் எழுதினேன். பச்சை என்றால் பரவாயில்லை, செங்கல் சிவப்பு என்றால் ஆபத்து. பிள்ளையில்லாதவள் செய்கிற வேலை என்று எதிர்வீட்டு குணசுந்தரி சிரித்தாள். ஆமாம், பிள்ளையில்லை. அதற்காகப் பூனையைச் சாகவிட முடியுமா?

இவ்வளவு செய்தும் மாதம் ஒரு தடவை ஜப்தி வாந்தியெடுத்து, முதுகை வளைத்துக்கொண்டு மூலையில் சுருண்டது. டாக்டர் காலண்டரை வாங்கிப் பார்த்தார்.

“செவப்பு எல்லாம் அமாவாசைக்கு மறுநாளே வருதேம்மா. அன்னிக்கு இன்னா குடுக்குறீங்க?”

“எப்பவும் குடுக்குறதுதான் சார்.”

“யாரோ நெய் குடுக்குறாங்க. இன்னொரு தடவை இப்பிடி வந்தா என்னால காப்பாத்த முடியாது.”

அமாவாசைதோறும் மொட்டைமாடியில் தன் அம்மாவுக்கு இலை போடுவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. மாமியார் போய் ரெண்டு வருஷம். நெய் மிதக்கிற பருப்புச் சோறு, பால் பாயசம். சமைப்பது நான், எடுத்துப் போவது அவர். கீழே இறங்கி வந்து, “காக்கா சாப்ட்டுச்சு” என்பார். அடுத்த அமாவாசைக்கு நானும் சத்தமில்லாமல் பின்னாலேயே ஏறினேன்.

கோர்ட்டில் கட்சிக்காரரைக் கூப்பிடுகிற குரலில் மூன்று தடவை காக்கையைக் கூப்பிட்டார். ஒன்றும் ஆஜராகவில்லை. அன்றைக்கு ஊர்க் காக்கை எல்லாம் வீரராகவர் கோயில் குளக்கரையில் இருக்கும். ஊரூராக வந்து அங்கே படைக்கிறார்கள், எங்கள் ஓர் இலைக்கு யார் வருவார்கள்? வாலைத் தூக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவர்மேல் ஜப்தி வந்தது. அவர் கைகூப்பி ஒதுங்கி நின்றார்.

கத்திக்கொண்டே பாய்ந்துபோய் இலையை இழுத்தேன்.

“கத்தாத சம்பூர்ணம். அம்மா அது.”

“எது?”

“ரெண்டு வருசமா ஒரு காக்கா வர்ல. இதுதான் வந்துக்கினு இருக்குது. கடைசி வாரம் ஒரு கரண்டி நெய் ஊத்துடான்னு அம்மா கேட்டுச்சு. டாக்டரு வாணான்னாருன்னு நான் ஊத்தல.”

அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

“சரி, அம்மாதான். அம்மாவுக்கும் சக்கரைதானே? இத்தத் துன்னா செத்துடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அம்மாவ ரெண்டாந்தடவ சாவடிக்கப் போறீங்களா?”

நான் கீழே போய் ஜப்திக்கு அவித்த விராலில் பாதியைக் கொண்டுவந்து புது இலையில் வைத்தேன்.

“அமாவாசைல மீனா?” என்று இழுத்தார்.

“பத்தியம்” என்றேன்.

ஜப்தி முகர்ந்து பார்ப்பதற்குள் எங்கிருந்தோ ஒரு காக்கை இறங்கியது. அதன் பின்னால் ஏழெட்டு. இலையைச் சுற்றி ஒரே அடிதடி. ஜப்தி என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஒரு நிமிஷத்தில் இலை காலி.

“அம்மா வந்துடுச்சு” என்றார். பிறகு ஜப்தியைப் பார்த்தார். “அப்ப இது யாரு?”

“பூனைதாங்க. மிச்ச மீனு கீழ இருக்குது. துன்னதும் ஊசி போடணும். வந்து புடிங்க.”

ஊசி என்றாலே தெருவுக்குப் போய்விடுகிற மனிதர், அன்று போகவில்லை. ஜப்தி தின்று முடித்ததும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஊசி ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டது அவர்தான், ஜப்தி அல்ல.

“அம்மாக்கும் இப்பிடித்தான் போட்டியா, தெனம்?”

“ஆமா.”

“நான் ஒரு நாள்கூட பக்கத்துல நிக்கல.”

“நிக்கலதான்” என்றேன். “நாளைக்குக் காலைல ஏழு மணிக்குப் போடணும். நில்லுங்க.”