தூலோன் ஆஸ்பத்திரிக் கொடி

காரைக்கால் லெயோன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, காலில் குண்டு வாங்கி, பிரான்சின் தூலோன் நகர ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தவன். ஜன்னலுக்கு வெளியே மதிலில் ஒரு கொடி. அதில் புகைபிடிக்கும் குழாய் போல வளைந்த பூக்கள். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் அதையே பார்த்துக் கிடந்தான். வீடும் மனைவியும் இருந்த வியட்நாமின் சைகோனுக்குத் திரும்பும்போது அதன் விதைகளைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தான்.

வளர்த்தது என்னவோ அவன் மனைவி ஐரேன்தான். பட்டாளத்துத் துணிகளை வெளுத்து ஓய்ந்த கையாலேயே கொல்லைச் சுவரோரம் மண்ணைக் கொத்தினாள், கம்பி கட்டினாள், தண்ணீர் விட்டாள். கொடி கூரைவரை ஏறியது. பூக்கத்தான் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் பிரெஞ்சுக்காரர்கள் சைகோனை விட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கும் பிரான்சுக்கு, மர்செய் துறைமுகம் போகும் கப்பலில் இடம் கிடைத்திருந்தது. அதற்குள் நகரத்திலேயே சண்டை மூண்டு, குழாயில் தண்ணீர் நின்றுபோனது. அந்த நேரம் பார்த்துக் கொடி மொட்டு விட்டது.

“இதுக்குக் கொஞ்சம் ஊத்து, ஐரேன்.”

“குடிக்கவே தண்ணியக் காணும். கப்பல் ஏறப் போறவங்களுக்குக் கொடி எதுக்குங்க? என்னால முடியல.”

மறுநாள் காலை, தன் பங்குத் தண்ணீரை அவன் குடிக்காமல் நொண்டிக்கொண்டே போய்க் கொடியின் வேரில் ஊற்றுவதைப் பார்த்தாள். அவன் உதடு வெடித்திருந்தது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது, திட்டத்தான் தெம்பில்லை. வாளியை எடுத்துக்கொண்டு மாதா கோயில் கிணற்றுக்கு நடந்தாள். தூரத்தில் வீடுகள் எரிந்து புகைந்தன. வரிசையில் நின்று, இடுப்பு விட்டுப்போகத் தண்ணீரோடு திரும்பினாள். பாதியை அவனுக்குக் கொடுத்தாள். மீதியைக் கொடிக்கு ஊற்றினாள்.

சண்டை ஓய்ந்தபோது பூ விரிந்தது. மங்கிய மஞ்சள் குழல், உள்ளே காய்ந்த ரத்தத்தின் நிறம். ஐரேன் குனிந்து முகர்ந்து முகம் சுளித்தாள்.

“ஏங்க, இது நம்ம ஆடுதின்னாப்பாளை மாதிரியில்ல இருக்கு! காரைக்கால்ல வாய்க்கா ஓரமெல்லாம் கெடக்குமே, ஆடுகூட வாய் வைக்காது.”

லெயோன் பூவைத் தொட்டுப் பார்த்தான்.

“நான் பொழைக்க மாட்டேன்னு தூலோன்ல டாக்டர் கைய விரிச்சிட்டாரு, ஐரேன். அந்த ஊருல தெரிஞ்ச மொகம் மாதிரி இருந்தது இது ஒண்ணுதான். எதுனாலன்னு இப்பதான் புரியுது.”

அவன் அதை இதற்குமுன் அவளிடம் சொன்னதில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“விதை எடுக்கணுமா?” என்று கேட்டாள்.

“வேணாம். நீ பாடுபட்டது போதும்.”

கப்பல் ஏறியதும் ஐரேன் சுருண்டு படுத்தாள். கொழும்பு வந்தபோது லெயோன் எழுப்பினான். “இன்னும் கொஞ்சம் தூங்கறேங்க” என்று புரண்டு படுத்தாள். அவன் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டான்.